கேட்பாரற்ற கிளைகள்

பிஷ்கெக்கில் மலைவழிச் சாலை வாரியம் என்று ஓர் அலுவலகம் இருந்தது. குளிர்காலத்தில் கணவாய்ச் சாலைகளை மூடும் பனியை அள்ளுவது வாரியத்தின் வேலை. பனி அள்ளுவதைப் பற்றிப் பேசுவது அதன் தலைமை அலுவலகத்தின் வேலை. முதல் வேலை அவ்வப்போது தடைபடும். இரண்டாவது ஒரு நாளும் தடைபட்டதில்லை.

அந்தப் பேச்சுக்கு செலெக்டர் என்று பெயர். எல்லா நிலையங்களையும் ஒரே நேரத்தில் தொலைபேசியில் பிடித்து வைத்துக்கொண்டு மேலிடம் திட்டுவதற்காகப் பழைய ஆட்சியில் ஏற்படுத்திய வசதி அது. பிறகு ஆட்சி மாறியது, கொடி மாறியது, பணம் மாறியது. செலெக்டர் மட்டும் மாறவில்லை. குரலோடு முகமும் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான். காலை ஒன்பது மணி ஆனால் நாட்டிலுள்ள கணவாய் நிலையம் ஒவ்வொன்றிலும் ஓட்டுநர், மெக்கானிக், சமையல்காரி என்று அத்தனை பேரும் நாற்காலி போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார வேண்டும். திரையில் தலைவர் ஒரோஸ்பாய் தோன்றுவார். மரியாதை தெரிந்தவர்கள் அவரை ஒரோகே என்பார்கள். வாரியத்தில் மரியாதை தெரியாதவர்கள் யாரும் இல்லை, இருந்தால் வேலையில் இல்லை.

ஒரோகேவுக்கு அகலமான முகம். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது அந்த முகம் பனியை எப்படி அள்ள வேண்டும் என்று விளக்கும். அள்ள வேண்டியவர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். விளக்கம் முடிந்து அவர்கள் வெளியே போகும்போது அள்ளுவதற்குப் பனி முன்னைவிட நிறைய இருக்கும்.

இதில் ஒரு சிக்கல் வந்தது. முகம் உறைந்துபோக ஆரம்பித்தது. பேச்சின் நடுவில் வாய் பாதி திறந்து, ஒரு கண் மூடி, ஒரு கண் மேலே செருகி, அப்படியே நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்துக் குரல் மட்டும் வரும், பிறகு இரண்டும் சேர்ந்து ஓடிவரும். நிலையங்களில் இருந்தவர்களுக்கு இதில் ஆட்சேபம் எதுவும் இல்லை. அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று பந்தயம் கட்டினார்கள். யாரோ ஒரு புண்ணியவான் உறைந்த முகத்தைப் படம் பிடித்துக் கைப்பேசியில் சுற்றுக்கு விட, அது மலையெல்லாம் சுற்றிக் கடைசியில் ஒரோகேவின் மருமகன் கையில் வந்து சேர்ந்தது. மருமகன் சாப்பாட்டு மேசையில் வைத்து அதைக் காட்டினான்.

மறுநாளே முக உறைவு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. குழு கணவாய் கணவாயாகப் போனது. போன இடமெல்லாம் ஆடு அறுத்தார்கள். திரும்பி வந்து, மலையில் குளிர் அதிகமாக இருப்பதால்தான் முகம் உறைகிறது என்று ஒருமனதாக முடிவு சொன்னது. ஒவ்வொரு நிலையத்துக்கும் திரைக்குப் பக்கத்தில் வைக்க ஒரு ஹீட்டர் வாங்கினார்கள். முகம் அதன் பிறகும் உறைந்தது, கதகதப்பாக.

அப்போதுதான் யாருக்கோ ஜிபாரின் ஞாபகம் வந்தது.

ஜிபார் வாரியத்தின் இணைப்புப் பிரிவில் பொறியாளர். பிரிவில் இருந்த மற்றவர்கள் ஒவ்வொருவராக அல்மாட்டிக்கும் மாஸ்கோவுக்கும் வேலைக்குப் போய்விட்டதால், பிரிவே அவள்தான். அப்பா அம்மா இல்லை. தங்கை பெர்மெத்தைப் படிக்க வைத்து, அவளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தாள். அலுவலகத்தில் யாரையும் எதிர்த்துப் பேசியது கிடையாது. கேட்ட கேள்விக்கு உள்ள பதிலை உள்ளபடி சொல்வாள். அந்தக் கட்டடத்தில் அது ஒரு கோளாறு என்பது அவளுக்கு நெடுநாள் தெரியவே தெரியாது.

உறைவின் காரணம் அவளுக்கு முதலிலிருந்தே தெரியும். யாரும் கேட்கவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து போகிற கம்பி ஒன்று. அதில் ஒரே முகத்தை, ஒரே பேச்சை, ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித்தனியாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எத்தனை நிலையமோ அத்தனை ஒரோகே. அத்தனை ஒரோகேவும் ஒரே வாசலில் முண்டியடித்தால் யாராவது ஒருவர் வாயைத் திறந்தபடி நிற்கத்தான் செய்வார்.

ஆலோசனைக் கூட்டத்தில் ஜிபார் எழுந்து, மல்டிகாஸ்ட் என்று ஒரு முறை இருப்பதைச் சொன்னாள்.

"ஒரு தடவை அனுப்பினாப் போதுங்க. பாதை எங்க ரெண்டாப் பிரியுதோ அங்க இருக்கிற பெட்டியே நகல் எடுத்து ரெண்டு பக்கமும் விட்டுடும். ஒரே கம்பியில ஒரே ஒரோகே போனாப் போதும்."

கடைசி வாக்கியம் ஒரோகேவுக்குப் பிடித்திருந்தது. ஆனால் பதிவாளர் காலிப்பா அம்மாளுக்கு நகல் என்ற சொல் உறுத்தியது. வாரியத்தின் முத்திரை அந்த அம்மாளின் கைப்பையில்தான் இருந்தது, தூங்கும்போதும்.

"நகலா? யார் எடுக்கிறது?"

"பெட்டிங்க."

"அந்தப் பெட்டிக்கு சான்று குடுக்க அதிகாரம் யார் குடுத்தது? முத்திரை இல்லாத நகல் இந்த வாரியத்துல நகலே இல்ல. நாளைக்கு ஒருத்தன், எனக்கு வந்தது அசல் தலைவர் இல்ல, நகல் தலைவர், அதனால நான் கீழ்ப்படியலன்னு சொன்னா?"

அவையில் இருந்தவர்கள் இதை நினைத்துப் பார்த்துத் திடுக்கிட்டார்கள். பிறகு விலாசத்தைப் பற்றிக் கேட்டார்கள். குழுவுக்கென்று ஒரு பொது விலாசம் இருக்கும், பேச்சு அந்த விலாசத்துக்குப் போகும் என்று ஜிபார் சொன்னாள். அந்த விலாசத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். யாரும் இல்லை, அது யாருடைய விலாசமும் இல்லை என்றாள். தலைவர் ஆளில்லாத வீட்டைப் பார்த்துப் பேச வேண்டுமா என்று ஒருவர் வருத்தத்தோடு விசாரித்தார்.

திட்டம் அங்கேயே செத்திருக்கும். காப்பாற்றியது ஜிபார் பலகையில் போட்ட படம். பாதைகளும் பிரிவுகளும் சேர்ந்து ஒரு மரம் போல இருந்தன. ஒரோகே எழுந்து கிட்டே வந்து பார்த்தார்.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

"நீங்கதான் வேர்."

ஒரோகே வேரை விரலால் தொட்டுப் பார்த்தார். அவர் கண்கள் கலங்கியிருந்ததாகப் பிறகு சொல்லிக்கொண்டார்கள். ஒரே ஒரு திருத்தம் கேட்டார். வேர் என்றால் அடியில் அல்லவா இருக்கிறது, மேலே இருக்கக் கூடாதா என்றார். ஜிபார் படத்தைத் தலைகீழாக வரைந்தாள். திட்டம் நிறைவேறியது.

காலிப்பா அம்மாளுக்கும் ஒரு வழி செய்தார்கள். நகல் எடுக்கும் பெட்டி ஒவ்வொன்றிலும் "இதன் நகல்கள் உண்மையானவை" என்று முத்திரை குத்திய தாள் ஒட்டுவது என்று தீர்மானமானது. அம்மாளின் ஆட்கள் மலையேறிப் போய், தாள் நன்றாகப் பதியும்படி, பெட்டியில் காற்றுப் போவதற்காக விட்டிருந்த துளைகளின் மேல் ஒட்டிவிட்டு வந்தார்கள். சில பெட்டிகள் சூடேறிப் புகைந்தன. ஜிபார் ஒவ்வொன்றாகத் தேடிப்போய் முத்திரைக்குச் சேதமில்லாமல் தாளைத் தள்ளி ஒட்டினாள்.

தொடக்க விழாவில் எல்லாரும் வெள்ளைக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார்கள். பெட்டிக்கு ரிப்பன் கட்டியிருந்தார்கள். ஒரோகே கத்தரித்துவிட்டுப் பேசினார்.

"இதுவரை நான் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசிவந்திருக்கிறேன் என்பது எனக்கே இப்போதுதான் தெரியவருகிறது. இனி அந்தச் சிரமம் இல்லை. ஒருமுறை பேசுவேன். அதை எல்லாரும் கேட்பார்கள். எனக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்காது. நாம் நெடுங்காலமாக விரும்பிய முன்னேற்றம் இது."

முகம் உறையவில்லை. கடைசிக் கணவாய் வரைக்கும் அது கண்ணாடிபோலத் தெளிவாகப் போய்ச் சேர்ந்தது. இதன் விளைவு, பேச்சு நீண்டது. கம்பியில் இடம் மிச்சமிருக்கிறது என்று ஜிபார் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். மிச்சம் வைப்பது வீண்செலவுக்குச் சமம் என்று கருதிய ஒரோகே, மத்தியானமும் ஒரு செலெக்டர் வைத்தார்.

அந்த வாரமே கரா-பெல் கணவாயிலிருந்து நிலையத் தலைவர் எசென்குல் அவளைக் கூப்பிட்டான். வயதில் மூத்தவன், வாய் நீளம், சோம்பேறி என்று பெயரெடுத்தவன். பனி அள்ளுவதைவிடப் பனியைப் பற்றிக் கேட்பது அலுப்பான வேலை என்று கண்டுபிடித்த பிறகு அள்ளுவதில் அவனுக்கு ஆர்வம் வந்திருந்தது.

"ஏம்மா தங்கச்சி, முன்னெல்லாம் அந்த ஆளு அப்பப்ப உறைஞ்சு நிப்பாரு. நாங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வருவோம். அதையும் கெடுத்திட்டியே. இதை நிறுத்த ஏதாச்சும் வழி உண்டா?"

கேட்ட கேள்விக்கு ஜிபார் உள்ளதைச் சொன்னாள். இந்த முறையில் யாருக்கும் தானாக எதுவும் போகாது. நிலையத்துப் பெட்டி, நானும் குழுவில் சேர்ந்துகொள்கிறேன் என்று கேட்டால்தான் அந்தக் கிளைக்கு வரும். பெட்டியை அணைத்துவிட்டால் கிளையைத் தானே கத்தரித்துக்கொள்ளும்.

"அதாவது, கேட்டாத்தான் வரும். கேக்கலன்னா வராது."

"ஆமாண்ணே."

"மேல இருக்கிறவருக்குத் தெரியுமா, யார் கேக்கிறா கேக்கலன்னு?"

"அனுப்பறவருக்குத் தெரியாது. வழியில இருக்கிற பெட்டிதான் அப்பப்ப, அங்க யாராச்சும் இருக்கீங்களான்னு ஒரு குரல் குடுக்கும். ஒருத்தர் இருக்கேன்னு சொன்னாப் போதும். அவர் சொல்லிட்டார்னு மத்தவங்க பேசாம இருந்துடுவாங்க."

எசென்குல் சிரித்தான். பிறகு, இது நம்ம ஊர் ஆள் யாரோ கண்டுபிடித்ததாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு வைத்தான்.

செய்தி மலைமேல் காற்றைவிட வேகமாகப் பரவியது. பனி விழாத நாட்களில் நிலையத்துக்கு ஒரு திரை மட்டும் பேருக்கு எரிந்தது. பனி விழும் நாட்களில் அதுவும் எரியவில்லை. எல்லாரும் வண்டியோடு வெளியே இருந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் கணவாய்கள் திறந்திருந்தது போல முன்பு எப்போதும் திறந்திருந்ததில்லை. லாரிக்காரர்கள் ஆச்சரியப்பட்டார்கள். செய்தித்தாளில் எழுதினார்கள். தன் சொற்கள் தெளிவாகப் போய்ச் சேர்வதால் வந்த பலன் இது என்று ஒரோகே பேட்டி கொடுத்தார். ஒரு வகையில் அது உண்மைக்கு வெகு அருகில் இருந்தது.

இவ்வளவு நல்ல பெயர் வந்த பிறகு, தன்னை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசை அவருக்கு வந்தது. ஜிபாரைக் கூப்பிட்டுக் கேட்டார். அனுப்புகிறவருக்கு அது தெரியாது, தெரிய வேண்டிய தேவையே இல்லாததுதான் இந்த முறையின் சிறப்பு என்றாள் அவள். அவர் முகம் வெளுத்தது.

"அப்போ நான் பேசறதை ஒருத்தனும் கேக்கலன்னாக்கூட எனக்குத் தெரியாதா?"

"தெரியாதுங்க."

"முன்னாடி தெரிஞ்சுதா?"

ஜிபார் யோசித்தாள். "முன்னாடியும் தெரியாதுங்க. ஆனா தெரியாதுங்கறது தெரியாது."

அதைத் தெரிந்துகொள்வதற்காகத் தலைமை அலுவலக அரங்கின் சுவரில் பெரிய பலகை ஒன்று வந்தது. அதில் தலைகீழ் மரம், மேலே வேர், கீழே கணவாய்கள். பேச்சு ஓடிக்கொண்டிருக்கும் கிளையில் பச்சை விளக்கு எரியும். பலகையைத் திறந்து வைப்பதற்காகப் போக்குவரத்துத் துணை அமைச்சரையும், பக்கத்து நாட்டுச் சாலைத் துறைக்காரர்கள் சிலரையும் அழைத்தார்கள். அன்று எல்லா விளக்கும் எரிந்தே ஆக வேண்டும் என்றார் ஒரோகே. அதற்கு வழி இருக்கிறதா என்று கேட்டார்.

ஜிபாருக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. இருக்கிறது என்றாள். நிலையம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் கொட்டிக்கொண்டே இருக்கும்படி கிளையைக் கட்டாயப்படுத்தி வைக்கலாம். ஆனால் சில கணவாய்களுக்குப் போகிற இணைப்பு மெலிசு. கோபுரத்துக்குக் கோபுரம் தாவிப் போவது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஓட்டுநர்களின் வாக்கி-டாக்கிப் பேச்சும் அதே இணைப்பில்தான் நிலையத்துக்கு வருகிறது என்று சொல்லிப் பார்த்தாள். ஓட்டுநர்கள் அந்த நேரத்தில் வாக்கி-டாக்கியில் பேச மாட்டார்கள், திரைக்கு முன் உட்கார்ந்திருப்பார்கள் என்று ஒரோகே விளக்கினார். விருந்தாளிகளுக்காகப் படமும் வழக்கத்தைவிட உயர்ந்த தரத்தில் போக வேண்டும், தன் கோட்டுப் பொத்தானின் நூல்கூடத் தெரிய வேண்டும் என்றார். அவள் எல்லாக் கிளைகளையும் கட்டாயப்படுத்தினாள்.

அந்த நாள் பெர்மெத்துக்கும் முக்கியமான நாள். மாப்பிள்ளையின் அம்மா வந்து பெண்ணின் காதில் தோடு போட்டு நிச்சயம் செய்ய வேண்டும். சம்பந்தி வீட்டார் நாரின் பக்கத்திலிருந்து இரண்டு வேன்களில் கிளம்பிவிட்டார்கள், கரா-பெல்லில் ஏறத் தொடங்கிவிட்டார்கள் என்று காலையிலேயே தகவல் வந்திருந்தது. பெர்மெத் வீட்டில் பக்கத்து வீட்டுப் பெண்களோடு விருந்துக்குப் போர்சோக் மாவுத் துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள். ஜிபார் அரங்கின் ஓரத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். விருந்தாளிகள் வந்து அமர்ந்தார்கள். பலகையில் பச்சை பச்சையாக எரிந்தது. ஒரோகே பலகைக்கு முதுகைக் காட்டி நின்று, குளிர்கால ஆயத்தம் பற்றித் தொடங்கினார்.

வெளியே பனி பிடித்துக்கொண்டது. மலையில் அது புயலாக இருந்தது.

கைப்பேசி அதிர்ந்தது. எசென்குல். அவள் மேசைக்குக் கீழே குனிந்து காதில் வைத்தாள். அவன் குரலில் வழக்கமான கேலி இல்லை.

"தங்கச்சி, உன் தலைவர் முகம் வந்து லைன்ல குந்திக்கிட்டிருக்கு. நான் பெட்டியை எப்பவோ அணைச்சிட்டேன், அப்படியும் கொட்டிக்கிட்டே இருக்கு. அந்தப் பக்கம் இருக்கிற என் பசங்க குரல் ஒண்ணும் வரல. ரெண்டு வேன் சிக்கிக்கிச்சு, ஏதோ நிச்சயதார்த்தக் கூட்டம் போலன்னு சொன்னான் ஒருத்தன். எந்த வளைவுன்னு சொல்றதுக்குள்ள குரல் போச்சு. மேல பனி மலைமாதிரி தொங்குது. எங்க போய் அள்ளுவேன் நான்?"

அந்தக் கூட்டம் யாரென்று அவளுக்குத் தெரியும். நிமிர்ந்து பார்த்தாள். துணை அமைச்சர் முதல் வரிசையில். பலகை எல்லார் கண்ணுக்கும் நேரே. ஒரு விளக்கு அணைந்தாலும் தெரியும், யார் அணைத்தது என்பதும் தெரியும். பெர்மெத்தின் படிப்புக்கு வாங்கிய கடன் இந்தச் சம்பளத்தில்தான் அடைந்துகொண்டிருந்தது.

அதையெல்லாம் முழுசாக நினைத்து முடிக்கும் முன்பே விரல் கரா-பெல்லின் கட்டாயத்தை எடுத்துவிட்டது. கேட்பார் இல்லாத கிளை தன்னைத் தானே கத்தரித்துக்கொண்டது. பலகையில் ஒரு விளக்கு அணைந்தது.

"வந்துடுச்சு, பசங்க குரல் வந்துடுச்சு" என்றான் எசென்குல், வைத்துவிட்டான்.

ஒரு கணவாயில் அப்படி என்றால் மற்றதில்? அவள் அடுத்ததை எடுத்தாள். பிறகு அடுத்தது. மேடையில் ஒரோகே குரலை உயர்த்தினார். "இந்த நொடியில் எங்கள் நிலையங்கள் ஒவ்வொன்றும் என் சொல்லுக்காகக் காத்திருக்கிறது" என்றார். ஒரு விளக்கு அணைந்தது. "என் சொல் இல்லாமல் அங்கே ஒரு மண்வெட்டி அசையாது" என்றார். இரண்டு அணைந்தன. விருந்தாளிகள் பேச்சைவிடப் பலகையை அதிகக் கவனத்தோடு பார்க்கத் தொடங்கினார்கள். அவர்கள் இமைக்காமல் பார்ப்பது ஒரோகேவுக்கு உற்சாகம் தந்தது. கையை வீசிப் பேசினார். மரம் மேலிருந்து கீழ்வரை இருண்டது. வேர் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

துணை அமைச்சர் மெதுவாகக் கேட்டார். "அந்த விளக்கெல்லாம் ஏன் அணைஞ்சு போச்சு?"

ஒரோகே திரும்பினார். திரும்பியவர் திரும்பியபடியே நின்றார். வாய் பாதி திறந்து, ஒரு கண் மூடி, ஒரு கண் மேலே செருகி இருந்தது. அரங்கில் இருந்தவர்கள் பலரும் அந்தப் படத்தைக் கைப்பேசியில் பார்த்தவர்கள்தான்.

காலிப்பா அம்மாள் ஜிபாரைப் பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்றாள்.

"கேக்க ஆளில்லாத கிளைக்கு இது அனுப்பாதுங்க. மலையில புயல். எல்லாரும் பனி அள்ளப் போயிட்டாங்க. அதனால இப்போ எங்கயும் போகல. கம்பியில சுமையே இல்ல."

"சுமையே இல்லையா?" என்றார் துணை அமைச்சர்.

"கொஞ்சம்கூட இல்லீங்க."

ஒரோகேவின் வாய் மூடியது. கண்கள் நேராயின. இத்தனை ஆட்சிகளில் இத்தனை வருடம் ஒருவர் தலைவராக இருப்பதற்கு ஒரு தனித் திறமை வேண்டும் என்பதை ஜிபார் அன்று கண்ணால் பார்த்தாள்.

"மதிப்புக்குரிய விருந்தினர்களே" என்று அவர் தொடர்ந்தார். "நீங்கள் காண வேண்டும் என்று நான் காத்திருந்தது இதைத்தான். உலகமெங்கும் காணொளிக் கூட்டங்கள் கம்பிகளை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. நமது வாரியம் எல்லாக் கணவாய்களுக்கும் ஒரே நேரத்தில், கம்பியில் ஒரு துளி சுமைகூட இல்லாமல், கூட்டம் நடத்துகிறது. நான் பேசுவதால் யாருக்கும் எந்த இடையூறும் நேர்வதில்லை. இந்த நிலையை எட்ட எனக்கு நெடுங்காலம் பிடித்தது."

கைதட்டல் நீண்ட நேரம் நீடித்தது. பக்கத்து நாட்டுக்காரர் ஒருவர், தங்கள் நாட்டில் இன்னும் எல்லாரும் கேட்டுக்கொண்டிருப்பதால் பெருஞ்செலவாகிறது என்று வருத்தப்பட்டார்.

விருந்தாளிகள் போன பிறகு ஒரோகே அவளைத் தனியாகக் கூப்பிட்டார். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து குருத் என்ற காய்ந்த தயிர் உருண்டை ஒன்றை வாயில் போட்டுக் கரைத்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எல்லாருமேவா?"

"ஆமாங்க."

"கரா-பெல்லுமா? எசென்குல் சோம்பேறியாச்சே."

"அவர்தான் முதல்ல போனார்."

அவர் தலையை ஆட்டினார். போகச் சொன்னார்.

சம்பந்தி வீட்டார் பொழுது சாயும் நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். பூட்ஸெல்லாம் நனைந்து, பாட்டும் சிரிப்புமாக வந்தார்கள். பனி வண்டி வந்து தோண்டி எடுத்தபோது வேன்களின் கூரை மட்டும்தான் தெரிந்ததாம். கொஞ்ச நேரத்தில் மேலே தொங்கிய பனி சரிந்து, அவர்கள் நின்ற வளைவை மூடிவிட்டதாம். மாப்பிள்ளையின் அம்மா இதைச் சாவகாசமாகச் சொல்லிக்கொண்டே பெர்மெத்தின் காதில் தோட்டைத் திருகினாள். ஜிபார் அடுப்படிக்குப் போய், யாரும் பார்க்காமல், கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தாள்.

வாரியத்தில் அடுத்த வாரம் சுமையில்லாச் செலெக்டர் என்ற விதிமுறை நடைமுறைக்கு வந்தது. அதன்படி தலைவர் தினமும் காலை ஒன்பது மணிக்குப் பேசுவார். கம்பியில் சுமை ஏறாதிருக்கும் பொருட்டு நிலையங்கள் கேட்க வேண்டியதில்லை. பார்ப்பதற்கு உற்சாகமாக இல்லாததால் அரங்கத்துப் பலகையைக் கழற்றினார்கள். அது காட்டியதையெல்லாம் ஜிபாரின் மடிக்கணினிக்கு மாற்றினார்கள். அவளுக்குப் பதவி உயர்வும் கிடைத்தது. யாரும் கேட்கவில்லை என்பதை ஒவ்வொரு நாளும் உடனிருந்து உறுதிசெய்வது புதிய வேலை.

முதல் நாட்களில் ஒரோகே எழுதி வைத்ததைப் படித்தார். காமிராவும் ஜிபாரும் கேட்டார்கள். பிறகு ஒரு நாள் தாளைத் தேடிப் பையைத் துழாவினார், கிடைக்கவில்லை. நேரத்தை நிரப்ப வேண்டுமே என்று எதையோ சொல்லத் தொடங்கினார். இளவயதில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தபோது கரா-பெல்லில் பனியில் மாட்டிக்கொண்ட கதை. முன்னும் பின்னும் வண்டிகள் நிற்க, அவற்றில் ஒன்றில் ஒரு பல் டாக்டர் இருந்தானாம். கையில் சாமான் பெட்டி, செய்வதற்கு வேலை எதுவும் இல்லை. சும்மா உட்கார முடியாத ஆள். முதலில் பல்வலி உள்ளவர்களைத் தேடி வண்டி வண்டியாகப் போனான். அவர்கள் தீர்ந்தபின் வலி இல்லாதவர்களைப் பார்க்க ஆரம்பித்தான்.

ஜிபார் சிரித்துவிட்டாள். அந்த அறையில் அப்படிச் சிரிப்பது அதுவே முதல் தடவை. ஒரோகே சட்டென்று நிறுத்தி அவளைப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார். மணி அடித்துவிட்டது, மீதியை நாளைக்குச் சொல்வதாகச் சொல்லி எழுந்தார்.

மத்தியானம் எசென்குல் கூப்பிட்டான். சமையல்காரி வேறு ஏதோ நிகழ்ச்சி பார்க்கப் பெட்டியைத் தட்டியபோது தவறிப்போய் தலைவர் வந்துவிட்டாராம். அணைப்பதற்குள் கதை பிடித்துக்கொண்டதாம்.

"அந்தப் பல் டாக்டர் என்ன ஆனான்? நாளைக்கு சொல்லுவாரா?"

"அப்படித்தான் சொன்னார்."

"பொய்யா, நிஜமா?"

"தெரியலண்ணே. நல்லா இருந்துச்சு."

மறுநாள் வானம் துடைத்து விட்டது போல இருந்தது. மலையில் அள்ளுவதற்குப் பனி இல்லை. ஒரோகே காமிராவுக்கு முன் உட்கார்ந்து, இருமினார். ஜிபார் மடிக்கணினியைத் திறந்தாள். கரா-பெல்லில் ஒரு பச்சை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொன்று. பிறகு தெற்கில், பிறகு கிழக்கில். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஒவ்வொரு பெட்டியும் தானாக, நானும் சேர்ந்துகொள்கிறேன் என்று கேட்டுக்கொண்டிருந்தது. மரம் மேலிருந்து கீழ்வரை எரிந்தது.

"யாராவது கேக்கறாங்களா?" என்று விசாரித்தார் ஒரோகே. விதிப்படி கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் குரலில் ஒரு பயம் இருந்தது. ஆமாம் என்றால் பையிலிருந்து தாளை எடுத்துவிடுவார் என்று அவளுக்குத் தெரிந்தது. தாள் இன்று பையில் இருந்தது.

ஜிபார் திரையைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"யாரும் இல்லீங்க, ஒரோகே."

"நல்லது" என்று அவர் கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டு, நாற்காலியைக் காமிராவுக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். "அந்தப் பல் டாக்டர் என் வண்டிக்கிட்ட வந்து கதவைத் தட்டினானா..."